ஆற்றின் நடுவே ஒரு முழங்கை

எனக்கும் என் மாமியாருக்கும் நடுவில் ஒன்பது வருடம் ஒரு புதர் இருந்தது. ஒரே புதர் என்று சொல்ல முடியாது. அந்தந்த நேரத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் புதர். எங்கள் கம்பா இனத்து வழக்கப்படி மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி ஒளிந்துகொள்ள வேண்டும். அவரும் தலைத்துணியை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு கடந்து போவார். நைரோபியில் இருக்கும் பிள்ளைகள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். மாமியாரின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் கிராமம் கமுன்யோனியில் நாங்கள் இன்னும் அவ்வளவு தூரம் கெட்டுப்போகவில்லை.

என் பெயர் இந்தோலோ. வயது அறுபத்து நாலு. மாமியார் சியோகாவுக்கு அறுபத்திரண்டு. முதல் மனைவி இறந்து ஆறு வருடம் கழித்து அவருடைய மகள் கதுங்கேயைக் கட்டினேன். ஆகவே என்னைவிட இரண்டு வயது இளையவரைக் கண்டு முள்ளுக்குள் பாய வேண்டிய நிலைமை எனக்கு. பாய்வதில் நான் சோடை போனதில்லை. ஒரு தடவை நான் பாய்ந்த புதருக்குள் ஏற்கெனவே ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கும் மாமியார் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம் கொடுத்தது.

இதிலிருந்து விடுபட வழி இல்லாமல் இல்லை. மருமகன் ஓர் ஆடும் ஒரு போர்வையும் கொடுத்தால், மாமியார் அவனை வீட்டுக்குள் அழைத்துத் தன் கையால் உகாலிக் களி போடுவார். அன்றோடு வெட்கம் தீர்ந்தது. பிறகு இருவரும் நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொள்ளலாம். நானும் ஆட்டையும் போர்வையையும் தயாராகத்தான் வைத்திருந்தேன். வறட்சி வந்தது. ஆடு முதலில் போர்வையைத் தின்றது. பிறகு செத்தது.

வறட்சியில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. புதர்களில் இலை இல்லை. நான் வெறும் குச்சிகளுக்குப் பின்னால் நின்றேன். தலை, தோள், தொந்தி, முட்டி எல்லாம் வெளியே. நான் ஒளிந்திருப்பது போல் நிற்பேன், அவர் பார்க்காதது போல் போவார். ஊரே பாதை ஓரத்தில் நின்று எங்கள் இருவரின் மரியாதையையும் ரசித்துக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் மழைக்கு நாணயம் உண்டு. மார்ச்சில் பெரிய மழை, அக்டோபர் கடைசியில் இன்னொரு மழை. இப்போது மழை நகரத்தில் வேலை பார்க்கிற மகன் மாதிரி ஆகிவிட்டது. வருகிறேன், வருகிறேன் என்று நாலு மாதம் ஏய்க்கும். ஒருநாள் சாயங்காலம் சொல்லாமல் வந்து இறங்கி, சத்தம் போட்டு, கைக்குக் கிடைத்ததை உடைத்துவிட்டு, காலையில் போய்விடும். போகும்போது வெறுங்கையோடும் போகாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் ஊர்க் குழுவின் செயலாளர் கிமேயுவின் கக்கூஸைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கிமேயு உள்ளே இருந்தான். ஐந்து மைல் தள்ளி ஒரு பாலத்தில் தட்டி நின்றதும் கதவைத் திறந்து, "இது எந்த ஊருங்க?" என்று விசாரித்திருக்கிறான். பதில் சொன்னவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படி வந்த வெள்ளம் மூன்றாம் நாள் எங்கே என்று தெரியாது. எங்கள் கிந்தாலு ஆறு மறுபடியும் காய்ந்த பாறையும் கொஞ்சம் மணலுமாகக் கிடக்கும். வறட்சியின் கடைசி வருடத்தில் நான் எச்சில் துப்பினால் மூன்று கோழிகளும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் ஓடி வந்தார்கள். கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் பாதிரியார் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். ஒரே துணியில் பதினொரு பேர். பதினொன்றாவதாக நின்றவர், தனக்கு முன்னால் நின்ற பத்துப் பேருடைய பாவத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் அவர் தேர்தலில் நின்றார்.

தண்ணீருக்குக் கதுங்கே பதினோரு கிலோமீட்டர் போய்வந்துகொண்டிருந்தாள், கழுதையோடு. கழுதைக்குப் பெயர் அமைச்சர். நடுவழியில் நின்று நீளமாகப் பேசும். சுமையை வேறு யாராவது தூக்க வேண்டும். வேறு பெயர் பொருந்தவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவள் வந்து மஞ்சள் கேன்களை இறக்கினாள். நாலு கேன் போனது, மூன்று வந்தது. நாலாவதை வழியில் அமைச்சர் குடித்துவிட்டிருந்தார். கதுங்கே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதான் கடைசி. எங்கம்மா வீட்டுக்குக் கீழே ஆத்துல மணல் அணை கட்டப் போறாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு, நாப்பது நாள் வேலை. வராத வீட்டுக்குத் தண்ணி கிடையாது. என் முட்டி போச்சு. நீங்கதான் போகணும்."

"யாரு தலைமை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"உங்கம்மா நிக்கிற இடத்துல நான் எப்படி நிக்கிறது? அங்கே ஒரு புதர்கூடக் கிடையாது."

"நிக்க வேணாம். நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன். அங்கேருந்து ஆத்துக்கு நூறு அடிதான். நீங்களும் அமைச்சரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இங்க சௌக்கியமா இருங்க."

சண்டைக்கு வருகிறவளாக இருந்தால் சமாளித்திருப்பேன். அவள் எழுந்து தன் பாயைச் சுருட்டி, கயிறு கட்டி, கதவோரம் சாத்தி வைத்தாள். பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். சுருட்டின பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் ருசி.

மணல் அணை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆற்றின் குறுக்கே, பாறை தெரிகிற இடத்தில், ஒரு கல் சுவர். வெள்ளம் வரும்போது மணலைக் கொண்டு வந்து சுவருக்குப் பின்னால் இறக்கும். மணலுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். வெயில் மேலே நின்று எவ்வளவு தேடினாலும் அகப்படாது. ஒளிந்துகொள்கிற கலையில் எனக்கு ஒன்பது வருட அனுபவம் இருந்ததால், இந்த ஏற்பாடு எனக்குச் சொன்ன மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

கட்டுவதற்கு ஊரே கை கொடுக்கும். அந்தக் கூட்டு வேலைக்கு முவேத்யா என்று பெயர். கூலி கிடையாது, பாட்டு உண்டு, வேகவைத்த சோளமும் அவரையும் உண்டு. சிக்கல் என்னவென்றால், முவேத்யாவின் தலைவி சியோகாவு. ஊரில் சுவர் கட்டத் தெரிந்த ஒரே கொத்தனார் நான். மொம்பாசாவில் பதினோரு வருடம் கட்டியவன். நான் கட்டிய ஓட்டலில் ஒரு மாடி கூடுதலாக வந்துவிட்டது. முதலாளி கவனிக்கவே இல்லை. தலைவி இல்லாமல் ஆட்கள் வர மாட்டார்கள். கொத்தனார் இல்லாமல் சுவர் நிற்காது. இருவரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது.

பெரியவர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். முதல் நாள் வழக்கத்தைப் பற்றி. இரண்டாம் நாள் முதல் நாள் யார் என்ன பேசினார் என்பதைப் பற்றி. மூன்றாம் நாள் கிமேயு எழுந்தான்.

"துணி கட்டிருவோம். பொம்பளைங்க இடுப்புல சுத்துற லெசோ, வீட்டுக்கு ஒண்ணு வாங்கித் தைச்சு ஆத்து நடுவுல திரை. இந்தப் பக்கம் ஆம்பளைங்க, இந்தோலோ மேஸ்திரி. அந்தப் பக்கம் பொம்பளைங்க, தலைவியம்மா மேஸ்திரி. காலால எட்டு வெச்சு அளந்து, ஆளுக்கு இருபது எட்டு கட்டுவோம். நடுவுல சேத்துருவோம். முடிஞ்சுது."

"தலைவிக்குச் சுவர் கட்டத் தெரியுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மலைச்சரிவுல வரப்பு பூரா அவங்க அடுக்கின கல்லுதானே. உங்க வயலே அதுமேலதான் நிக்குது. இல்லேன்னா நீங்க இப்போ அடுத்த ஊருக்காரரு."

மாவட்டத்திலிருந்து ஒரு பொறியாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சுத்தியலால் பாறையைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சாம்பலால் ஒரு கோடு போட்டு, "கோடு மாறாம கட்டுங்க, ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய புழுதி அடங்குவதற்குள் காற்று வந்து கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இருக்கட்டும், எங்கே இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும் அல்லவா? அந்தந்தக் கரைக்காரர்கள் தங்கள் தங்கள் நினைவுப்படி நூல் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். மறைக்கப் போவதில்லை. வேலை முடிகிற அன்று திரையை இறக்குவார்கள். என் சுவரின் முனையும் அவருடைய சுவரின் முனையும் முட்டிக்கொண்டு நிற்கும். முனையில் நிற்கிற நானும் அவரும்? ஆற்றின் நடுவில், நாற்பது வீட்டார் முன்னால், மூக்கும் மூக்கும். ஆகவே நூலைக் கட்டும்போது யாரிடமும் சொல்லாமல் ஆற்றுப் போக்கில் இரண்டு எட்டு கீழே தள்ளிக் கட்டினேன். இரண்டு எட்டு பெரிய விஷயம் இல்லை. பிறகு அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் ஒரு சின்ன வளைவு கொடுத்துச் சேர்த்துவிடலாம். மொம்பாசாவில் ஒரு மாடியையே மறைத்தவனுக்கு இது எம்மாத்திரம்.

வேலை தொடங்கிற்று. திரை பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம், நடுவில் ஒரு லெசோவில் பெரிய சேவல் படம். சேவலுக்கு அந்தப் பக்கம் என் மாமியார். அவரைப் பார்க்க முடியாது, ஆனால் அவருடைய குரலைத் தடுக்கிற துணியை இன்னும் யாரும் நெய்யவில்லை.

நேரே என்னோடு பேசக் கூடாது. அதனால் அவர் கழுதையோடு பேசினார். அமைச்சர் இரண்டு பக்கத்துக்கும் சாந்து குழைக்கத் தண்ணீர் சுமந்து, சேவலுக்கு அடியில் நுழைந்து போய்வந்துகொண்டிருந்தார்.

"அமைச்சரே, உங்க எஜமானர் காலையிலேருந்து ஏழு கல்லு வெச்சிருக்காரு. நான் சத்தத்தை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். மொம்பாசால கடல் வத்துற வரைக்கும் கட்டுவாங்களோ?"

நான் கரண்டியைத் துடைத்துக்கொண்டு கழுதையின் காதில் சொன்னேன்.

"அமைச்சரே, அம்மாகிட்டச் சொல்லுங்க. அவங்க பக்கம் சாந்துல தண்ணி ஜாஸ்தி. அது சுவர் இல்ல, கஞ்சி. ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிரச் சொல்லுங்க."

அமைச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பது கேட்டது. சற்றுக் கழித்துப் பதில் வந்தது.

"அமைச்சரே, எம் பொண்ணோட முட்டி எப்படி இருக்குன்னு கேளுங்க."

"சுருட்டின பாயி இன்னும் கதவோரத்துல இருக்குன்னு சொல்லுங்க, அமைச்சரே."

அந்தப் பக்கம் ஒரு கல் உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்போ உங்க எஜமானர எட்டாவது கல்ல வெக்கச் சொல்லுங்க."

இப்படி முப்பத்தெட்டு நாள் போயிற்று. வீட்டில் கதுங்கே பாயை அவிழ்க்கவில்லை. ராத்திரி என் பாயில் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். நான் நாள் கணக்கைச் சுவரில் கரியால் கிழித்தேன். அவள் ஒவ்வொரு கோட்டையும் எண்ணிப் பார்ப்பாள்.

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் திரையை இறக்கினார்கள். வழக்கப்படி நான் கரையேறி ஒரு குச்சிப் புதருக்குப் பின்னால் போய் நின்றேன். சியோகாவு தன் வீட்டுக்குள் போய்விட்டார். சேவல் படம் கீழே வந்தது.  பிறகு யாரோ ஒரு பெண் தும்மினாள். அது தும்மல் இல்லை, சிரிப்பை அடக்கியது. அதற்கப்புறம் ஆறே சிரித்தது.

நான் குச்சிகளின் நடுவே பார்த்தேன். இரண்டு சுவரும் நேராக, உறுதியாக, மட்டத்துக்கு ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தன. நடு ஆற்றுக்கு வந்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. பாதையில் எதிரெதிரே வந்து பார்க்காதது போல் தாண்டிப் போகிற இரண்டு பேர் மாதிரி. நான் எதிர்பார்த்தது இரண்டு எட்டு இடைவெளி. அங்கே நாலு எட்டு இருந்தது.

கிமேயு மட்டும் சிரிக்கவில்லை. அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். கக்கூஸோடு போய்வந்தவனுக்கு மேகத்தின் குணம் தெரியும்.

"இந்த ஓட்டையோட வெள்ளம் வந்தா, உள்ள பூந்து ரெண்டு முனையையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிரும்" என்றான். "இத அடைக்கணும்னா ரெண்டு மேஸ்திரியும் அந்தச் சந்துக்குள்ள நின்னாத்தான் ஆகும். வேற யாருக்கும் இந்தச் சுவரோட சூட்சுமம் தெரியாது."

சிரிப்பு நின்றது. ஆடும் இல்லை, போர்வையும் இல்லை. பெரியவர்கள் மறுநாள் கூடிப் பேசலாம் என்றார்கள். அவர்கள் கூடினால் மூன்று நாள் என்பது மேகத்துக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. கதுங்கே பாயை எடுத்து, கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

விடிகிற நேரத்தில் நான் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு தனியாக ஆற்றுக்கு இறங்கினேன். மிச்சம் இரண்டு எட்டு எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். தப்பு அவர் பக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அளவு மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது. சந்துக்குள் நுழைந்து, அவருடைய சுவர் முனையில் குனிந்து குண்டைத் தொங்கவிட்டேன். சுவர் நேராக இருந்தது. எரிச்சலாக வந்தது. ஒரு அடி பின்னால் வந்து பார்த்தேன். அப்போதும் சரியாக இருந்தது. குனிந்தபடியே இன்னும் ஒரு அடி பின்னால் வந்தேன்.

என் முதுகு எதன் மேலோ மோதிற்று. முதுகு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதுவும் எதிர்ப் பக்கம் குனிந்து, என் சுவரைச் சோதித்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து வந்த ஒரு முதுகு. அதற்கு ஒரு லெசோ கட்டியிருந்தது. இருவரும் நிமிர்ந்தோம். இருவரும் திரும்பவில்லை.

"யாரது?" என்று குரல் கேட்டது. முப்பத்தெட்டு நாள் கேட்ட குரல்.

எனக்கு ஓட இடம் இல்லை. ஒளியப் புதர் இல்லை.

"கழுதை" என்றேன்.

முதுகு கொஞ்சம் யோசித்தது.

"அமைச்சரா? இவ்வளவு விடியக்காலையில இங்க என்ன ஜோலி?"

"சுவரப் பாக்க வந்தேன், அம்மா."

"நல்லதாப் போச்சு. உங்க எஜமானர்கிட்ட ஒண்ணு கேக்கணும். பதினோரு வருஷம் கொத்தனாரா இருந்தவரு, ஒரு கோடு எங்க இருந்துச்சுன்னு நெனவு வெச்சுக்க முடியாதா?"

கழுதையாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கழுதைக்கு மானம் போகாது.

"அம்மா, அவரு நெனவு தப்பல. வேணும்னுதான் ரெண்டு எட்டு கீழ தள்ளிக் கட்டினாரு. திரை எறங்குற அன்னிக்கு உங்களுக்கு நேர் எதிரே வந்து நிக்கக் கூடாதேன்னு."

 திட்டுக்குக் காத்திருந்தேன்.

"அந்த முட்டாள் பொம்பளையும் அதையேதான் பண்ணினா" என்றார் சியோகாவு மெதுவாக. "ரெண்டு எட்டு. மேல."

முதலில் அவருடைய முதுகுதான் குலுங்கியது. பிறகு என்னுடையது. முதுகோடு முதுகு சிரித்துப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்க முடியாது. நாலு எட்டு மரியாதை, ஆற்றின் நடுவில், அதன் வழியாக வெள்ளம் போகக் காத்திருந்தது.

"அமைச்சரே" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு; துடைத்த முழங்கை என் விலாவில் இடித்தது. "சிமென்ட் எத்தனை மூட்டை இருக்கு உங்க பக்கம்?"

"அஞ்சு."

"இங்க ஆறு. போதும். வழக்கம் என்ன சொல்லுது? மொகத்தப் பாக்கக் கூடாதுங்குது. முதுகப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்கா?"

"நான் கேட்ட வரைக்கும் இல்லீங்க அம்மா."

"அப்போ நீங்க அந்த முனையப் பாத்து நில்லுங்க. நான் இந்த முனையப் பாத்து நிக்கிறேன். அவங்கவங்க முனையிலேருந்து பின்னால வருவோம். நடுவுல சேரும்."

அப்படியே கட்டினோம். சந்தின் இரண்டு முனையிலும் தொடங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பின்னால் வந்தோம். ஆண்கள் என் கைக்குக் கல் கொடுத்தார்கள், பெண்கள் அவர் கைக்குக் கொடுத்தார்கள். எல்லாரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே கொடுத்ததில் இரண்டு கல் என் காலில் விழுந்தது. ஒவ்வொரு வரிசையும் முடியும் இடத்தில் முதுகு மோதும். "அமைச்சரே, நகருங்க" என்பார். நகர்வேன். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. கடைசிக் கல்லை வைத்தபோது அணையின் நடுவில் ஒரு மடக்கு உட்கார்ந்திருந்தது, யாரோ முழங்கையை ஊன்றிப் படுத்திருப்பது போல.

மேகம் அதற்குள் மனம் மாறி வேறு எங்கோ போய்விட்டது. அந்த மழை பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது. சாந்து இறுகுவதற்கு வேண்டியது சரியாக அவ்வளவுதான். காலம் கெட்டுப்போனதால் எங்களுக்கு நடந்த ஒரே நன்மை இது. ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நியாயம் இல்லை.

இடையில், எந்த வீடு எத்தனை நாள் வேலை செய்தது என்று கணக்குப் பார்க்கும் கூட்டம் வந்தது. கிமேயு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தான். கடைசி இரண்டு நாள் மருமகனும் மாமியாரும் ஒரே சந்தில் வேலை செய்ததாக எழுதினால், ஆடு கொடுக்காமல் வழக்கத்தை மீறியதாக ஆகும். எழுதாவிட்டால் எனக்கு முப்பத்தெட்டு நாள்தான். முப்பத்தெட்டுக்குத் தண்ணீர் கிடையாது. பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு குச்சிப் புதருக்குப் பின்னால் இருந்தேன், ஏனென்றால் தலைவி எதிரே உட்கார்ந்திருந்தார். கதுங்கே கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பாய் அவள் கக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பொய்யும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஆயிற்று.

"நடுவுல கட்டுனது யாரு?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

தலைவி எழுந்தார்.

"கழுதை."

"கழுதையா?"

"நான் கேட்டேன் யாரதுன்னு. கழுதைன்னு பதில் வந்துச்சு. நான் திரும்பிப் பாக்கல. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

கிமேயு ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டான். ஆனால் அந்தப் பெரியவர் விடவில்லை.

"வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதானே பேச்சு. கழுதை எப்படி ஆளாகும்?"

"நாப்பது நாள் ரெண்டு பக்கமும் தண்ணி சுமந்துச்சு. ரெண்டு பக்கமும் திட்டுனத வாங்கிக்கிச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. இந்த ஊர்ல அதவிட ஆளா யாரு இருக்கீங்க? இருந்தா எந்திரிங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. நோட்டில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது: நடுச் சுவர், நாலு எட்டு, இரண்டு நாள், அமைச்சர், இந்தோலோ வீடு.

பிறகு மழை வந்தது, வழக்கம்போல் சொல்லாமல். வெள்ளம் மேலேயிருந்து இடித்துக்கொண்டு வந்து, முழங்கையில் மோதி, ஒரு நிமிடம் திகைத்து நின்றது. அப்படி ஒரு சுவரை அது பார்த்ததில்லை. கொண்டு வந்த மணலையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, சுவருக்கு மேலே ஏறிப் பவ்வியமாகப் போயிற்று. மணலோடு யாருடையதோ ஒரு கக்கூஸும் வந்து சேர்ந்தது. உள்ளே ஆள் இல்லை. பழையதைவிடக் கதவு நன்றாக இருக்கிறது என்று கிமேயு எடுத்துக்கொண்டான்.

பொறியாளர் வந்து மடக்கைப் பார்த்தார். நீளத்தை அளந்தார், இரண்டு தடவை. "இது வெள்ளத்தோட வேகத்த ஒடைக்கிறதுக்குத்தானே?" என்று கேட்டார். நாற்பது வீட்டாரும் ஒரே குரலில் ஆமாம் என்றோம். அடுத்த வருடம் இரண்டு ஊர்களுக்கு அவரே அப்படிக் கோடு போட்டுக் கொடுத்தார். நடுவில் மடக்கு, நாலு எட்டு. அந்த ஊர்களில் மாமியார்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது.

முதல் தடவை தண்ணீர் எடுக்கக் கதுங்கேதான் போனாள். மணலில் முழங்கை ஆழம் தோண்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழியின் அடியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்து, மெல்லப் பளபளத்து, நிறைந்தது. அவள் கையால் அள்ளிக் குடித்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் பாயின் கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு முடிச்சு, பல்லால் அவிழ்க்க வேண்டியிருந்தது. அந்தக் கயிறு இப்போது ஒரு குட்டி ஆட்டின் கழுத்தில் இருக்கிறது.

"ஆடு பெருசாயிட்டே வருது" என்றாள் போன வாரம். "ஒரு போர்வைய வாங்கி எங்கம்மாகிட்டக் குடுத்துட வேண்டியதுதானே?"

"குடுத்தா நேருக்கு நேர் பேசணும்" என்றேன். "அவங்க பேச்சுக்கு நேர்ல நின்னு பதில் சொல்ல என்னால முடியாது. கழுதைன்னா எப்படியோ சமாளிச்சுக்கும்."

அவசரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்த பிறகு ஆற்றங்கரைப் புதர்களெல்லாம் தழைத்துவிட்டன. நேற்று அவர் கேனோடு இறங்கி வந்தபோது நான் ஒன்றுக்குள் பாய்ந்தேன். வறட்சிக்குப் பிறகு முதல் தடவையாக முழுவதும் மறைந்தேன். என் கால் எனக்கே தெரியவில்லை. அவர் பாதையில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அமைச்சரே" என்றார் கழுதையிடம், "உங்க எஜமானர் நல்லாத்தானே இருக்காரு? எங்கேயும் காணோமே."

நான் மூச்சுக் காட்டவில்லை. புதருக்குள் எறும்பு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.